பவர் விண்டோ மக்கர் பண்ணுதா? மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே பாருங்க

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் எடுத்துவிட்டோம்.)

வீட்டிலேயே செஞ்சுக்கக்கூடிய ரிப்பேர் வேலைகளைப் பற்றிப் பேசிட்டு வர்றோம். இன்னைக்கு கார் ஜன்னல். ஸ்விட்சை அழுத்துறோம், கண்ணாடி ஏறல. இல்லன்னா பாதி ஏறி நின்னுடுது. இல்லன்னா உள்ளே 'கடகட'ன்னு சத்தம் மட்டும் வருது, கண்ணாடி அசையவே இல்ல. இந்த மூணும் வேற வேற கோளாறு. ஆனா மூணுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "மோட்டார் போச்சு சார், செட்டா மாத்தணும்."

சில நேரம் அது உண்மையாவும் இருக்கும். ஆனா ஒரு ஃபியூஸ், ஒரு ஸ்விட்ச், கொஞ்சம் தூசி, ஒரு அறுந்த வயர், இதுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். எதுன்னு கண்டுபிடிக்கிற வரிசை தெரிஞ்சா உங்க பணமும் நேரமும் மிச்சம். இன்னொரு காரணமும் இருக்கு. கார் ஜன்னல் காத்துக்கு மட்டும் இல்ல. சில சமயம் உள்ளே இருக்கிறவங்க வெளியே வர்ற வழியும் அதுதான். அதைக் கடைசியில பேசுவோம்.

கதவுக்குள்ள என்ன இருக்கு?

மாருதி 800 ஓட்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கதவுல ஒரு கைப்பிடி, அதைச் சுத்தினா கண்ணாடி ஏறும், இறங்கும். பவர் விண்டோவும் அதே வேலைதான். உங்க கைக்குப் பதிலா ஒரு சின்ன மோட்டார் சுத்துது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கரண்ட் பேட்டரியில கிளம்பி ஃபியூஸ் வழியா ஸ்விட்சுக்கு வருது. அங்கிருந்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாய்க்குள்ள போற வயர் வழியா மோட்டாருக்குப் போகுது. மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுற டிசி மோட்டார். பிளஸ், மைனஸ் இரண்டையும் இடம் மாத்திக் கொடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். சாதாரண கார்ல அந்த இடமாற்றத்தைத்தான் ஸ்விட்ச் பண்ணுது: மேலே இழுத்தா ஒரு திசை, கீழே அழுத்தினா மறு திசை.

மோட்டாரோட சேர்ந்து ஒரு வார்ம் கியர் இருக்கும், திருகு மாதிரியான பல்சக்கரம். மோட்டார் அதைச் சுத்தலாம், ஆனா கண்ணாடியைப் பிடிச்சு கீழே அழுத்தி மோட்டாரைச் சுத்த வைக்க முடியாது. அதனாலதான் மூடின கண்ணாடியை வெளியே இருந்து யாராலும் சும்மா அழுத்தி இறக்க முடியல.

மோட்டாரோட சுழற்சியை மேலும் கீழுமான நகர்வா மாத்துறது ரெகுலேட்டர். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில 'விண்டர் மெஷின்'னு கேட்டாலும் புரிஞ்சுக்குவாங்க. இதுல இரண்டு வகை. ஒண்ணு, கத்தரிக்கோல் மாதிரி விரிஞ்சு சுருங்குற இரும்புக் கை. இன்னொண்ணு, சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி கம்பி, சின்ன உருளைகள், கண்ணாடியைப் பிடிச்சுக்கிற பிளாஸ்டிக் கிளிப். கேபிள் வகையில கம்பி அறுந்துடும், இல்லன்னா அந்த பிளாஸ்டிக் உடைஞ்சுடும். கண்ணாடி 'தொப்'புன்னு கதவுக்குள்ள விழுந்துட்டா சந்தேகம் முதல்ல இங்கேதான்.

கருவியே இல்லாம ஐந்து நிமிஷ சோதனை

ஸ்பேனரைத் தொடும் முன்னாடி இதையெல்லாம் பாருங்க. இக்னிஷன் ஆன்ல இருக்கணும்.

முதல்ல, டிரைவர் கதவுல இருக்கிற விண்டோ லாக் பட்டன். குழந்தைகளோ, டிரைவர் முழங்கையோ பட்டு அது அழுந்தியிருந்தா மத்த கதவு ஸ்விட்ச் எதுவும் வேலை செய்யாது. சிரிக்காதீங்க, இதுக்காகவே ஒர்க்‌ஷாப் வரைக்கும் போறவங்க உண்டு.

இரண்டாவது, எத்தனை ஜன்னல் நின்னுச்சு? எல்லாமே ஒரே நேரத்துல நின்னா பொதுவான இடத்துல கோளாறு: ஃபியூஸ், ரிலே, இல்லன்னா டிரைவர் பக்க ஸ்விட்ச் பெட்டி. ஒண்ணு மட்டும் நின்னா பெரும்பாலும் அந்தக் கதவோட பிரச்சினை.

மூணாவது, அந்தக் கதவோட ஸ்விட்சையும் டிரைவர் பக்க ஸ்விட்சையும் தனித்தனியா அழுத்துங்க. ஒரு ஸ்விட்சில் வேலை செஞ்சு இன்னொண்ணுல செய்யலன்னா மோட்டார் நல்லா இருக்கு, மெஷின் நல்லா இருக்கு. ஸ்விட்ச் அல்லது அதோட வயர்தான் கோளாறு. இரண்டிலும் வேலை செய்யலன்னா மோட்டார்தான்னு உடனே முடிவு பண்ணாதீங்க. பல கார்கள்ல டிரைவர் ஸ்விட்ச்ல இருந்து வர்ற கரண்ட், பின் கதவு ஸ்விட்சைத் தாண்டித்தான் மோட்டாருக்குப் போகும். அந்த ஒரு ஸ்விட்ச் கெட்டா இரண்டு வழியும் அடைஞ்சுடும்.

நாலாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. இருட்டுல, உள்கூரை விளக்கை எரிய விட்டு ஸ்விட்சை அழுத்துங்க. விளக்கு லேசா மங்குதா? அப்போ கரண்ட் மோட்டார் வரைக்கும் போகுது, ஆனா எதுவோ இறுகி நிக்குது. மங்கவே இல்லையா? கரண்ட் போகாம இருக்க வாய்ப்பு அதிகம். எல்இடி விளக்குல இந்த மங்கல் சரியாத் தெரியாது. அப்போ காதை நம்புங்க: கதவுக்குள்ள 'டிக்'குன்னு சத்தம், முனகல் ஏதாவது கேட்குதான்னு பாருங்க.

ஐந்தாவது, ஒருத்தர் ஸ்விட்சைப் பிடிச்சிருக்கட்டும், இன்னொருத்தர் கதவின் உள்பக்கத்தை, மோட்டார் இருக்கிற இடத்துல, உள்ளங்கையால தட்டுங்க. தட்டினதும் ஓடினா மோட்டாருக்குள்ள இருக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு. இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். கண்ணாடியை மூடிட்டு மோட்டார் மாத்தத் திட்டம் போடுங்க.

ஆறாவது, கதவைப் பாதி திறந்து வச்சு, மெல்ல ஆட்டிக்கிட்டே ஸ்விட்சை அழுத்துங்க. ஒரு குறிப்பிட்ட கோணத்துல மட்டும் வேலை செஞ்சா, அந்த ரப்பர் குழாய்க்குள்ள வயர் அறுந்திருக்கு. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அந்த வயர் மடங்குது. வருஷக்கணக்குல மடங்கினா எந்தச் செம்பும் அறுந்துதான் போகும்.

ஃபியூஸ்: சின்ன வேலை, ஆனா ஒரு கண்டிப்பு

ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும், இன்னொண்ணு பானட்டுக்குள்ள இருக்கும். எந்த ஃபியூஸ் ஜன்னலுக்குன்னு மூடியிலயோ காரோட கையேட்டிலயோ போட்டிருக்கும். இக்னிஷனை அணைச்சிட்டு வெளியே எடுத்து வெளிச்சத்துல பாருங்க. நடுவுல இருக்கிற உலோகப் பட்டை அறுந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கு.

பிளேடு ஃபியூஸ்ல நிறமே அளவைச் சொல்லிடும்: 15 ஆம்பியர் நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போன ஃபியூஸ் எந்த அளவோ அதே அளவுதான் போடணும். "20 அடிக்கடி போகுது, 30 போட்டுடு"ன்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. கம்பி, வெள்ளித்தாள் சுத்துறதும் அதே தப்புதான். ஃபியூஸ் ஒரு காவல்காரன். அவனைத் தூங்க வச்சா சூடாகி எரியப் போறது உள்ளே இருக்கிற வயர். புது ஃபியூஸும் உடனே போச்சுன்னா எங்கேயோ ஷார்ட் இருக்கு. அங்கே நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

ஸ்விட்ச்: செலவில்லாத பரிசோதனை

கதவு ஸ்விட்ச்ல விரல் அழுக்கு சேரும், ஜன்னல் திறந்திருந்தா மழை படும், காபி கொட்டும். உள்ளே இருக்கிற தொடுமுனைகள் கறுத்துப் போகும்.

பின் இருக்கைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஸ்விட்ச் இருந்தா வேலை ரொம்ப சுலபம். நல்லா இருக்கிற பக்கத்து ஸ்விட்சைக் கழற்றி, கெட்ட பக்கத்துல மாட்டிப் பாருங்க. என் கார்ல பின் இடது கண்ணாடி நின்னப்போ, ஒரு ஒர்க்‌ஷாப்ல கதவைத் திறந்துகூடப் பார்க்காம மோட்டாரும் மெஷினும் சேர்த்து மாத்தணும்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். வலது பக்க ஸ்விட்சை இடதுல மாட்டினதும் கண்ணாடி ஏறிடுச்சு. மாத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு ஸ்விட்ச்.

ஸ்விட்சை எடுக்க பிளாஸ்டிக் நெம்பி பயன்படுத்துங்க, ஸ்க்ரூ டிரைவர் வச்சா கைப்பிடியில கீறல் விழும். கனெக்டர்ல ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை அழுத்திக்கிட்டே இழுக்கணும். வயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு, பத்து இருபது தடவை ஸ்விட்சை மேலும் கீழும் ஆட்டி, நல்லா காய விட்டு மாட்டுங்க. நிறைய ஸ்விட்ச் இதுலயே உயிர் வந்துடும்.

மெதுவா ஏறுதா? தூசியைப் பாருங்க

கண்ணாடி ஓடுற பாதை முழுக்க ரப்பர் பீடிங் இருக்கு. நம்ம ஊர் தூசி அதுக்குள்ள புகுந்து, வெயில்ல ரப்பர் காய்ஞ்சு, கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும். மோட்டார் அதிக கரண்ட் இழுத்து சூடாகும். பல மோட்டார்கள்ல சூடானா தானே நின்னுக்கிற பாதுகாப்பு உண்டு. அதனாலதான் "பத்து நிமிஷம் கழிச்சு தானா வேலை செஞ்சுது"ன்னு சொல்றாங்க. அப்படி நின்னா ஸ்விட்சை விடாம அழுத்திக்கிட்டே இருக்காதீங்க. ஆற விடுங்க.

மருந்து எளிது. கண்ணாடியை இறக்கி, ஈரத்துணியை ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல்ல சுத்தி, பீடிங் பள்ளம் முழுக்கத் துடைங்க. காய்ஞ்சதும் சிலிகான் ஸ்ப்ரே அடிங்க. கிரீஸ், இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்ப வைக்கும், எந்த எண்ணெயா இருந்தாலும் தூசியை இன்னும் ஒட்ட வைக்கும். எல்லா ஜன்னலும் கொஞ்சம் கொஞ்சமா மெதுவாயிட்டு வந்தா பேட்டரியையும் ஒரு தடவை செக் பண்ணுங்க.

கதவு பேடைக் கழற்றுறது

இதுவரைக்கும் எதுவும் சரியாகலன்னா கதவைத் திறக்கணும். பயப்பட வேண்டாம், ஆனா அவசரமும் வேண்டாம். பகல் வெளிச்சத்துல, நிழல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில வச்சுக்கோங்க.

திருகுகள் ஒளிஞ்சிருக்கும். உள் கைப்பிடிக்குப் பின்னாடி, ஆர்ம்ரெஸ்ட் பள்ளத்துல, சின்ன மூடிகளுக்கு அடியில தேடுங்க. எல்லாம் எடுத்தப்புறம் ஓரத்துல இருக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகளை நெம்பி கொண்டு ஒவ்வொண்ணா விடுவிங்க. அப்புறம் பேடை மேல் பக்கமா தூக்கினா வந்துடும். பின்னாடி கைப்பிடி கேபிளும் ஸ்விட்ச் வயரும் தொங்கும், படீர்னு இழுக்காதீங்க. கழற்றுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு கட்டத்திலும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

சில கார்கள்ல பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள்ளயே இருக்கும். அந்த கனெக்டரைக் கழற்றின நிலையில இக்னிஷனை ஆன் பண்ணக் கூடாது. உங்க கார் அந்த வகையான்னு முதல்லயே கையேட்டைப் பாருங்க. மஞ்சள் நிற வயரோ கனெக்டரோ கண்ணுல பட்டா தொடாம விட்டுடுங்க.

பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பலர் அதைக் கிழிச்சுப் போட்டுடறாங்க. கண்ணாடி மேல விழுற மழைத்தண்ணி கொஞ்சம் கதவுக்குள்ள இறங்குறது இயல்புதான், அடியில இருக்கிற துளைகள் வழியா வெளியே போயிடும். அந்தத் தண்ணி காருக்குள்ள வராம தடுக்கிறது இந்தத் தாள். மெதுவா உரிச்சு, திரும்ப அதே பசையோட ஒட்டுங்க. அப்படியே அடித்துளைகள்ல இலை, மண் அடைச்சிருந்தா ஒரு குச்சியால சுத்தம் பண்ணிடுங்க. அது அடைச்சா கதவுக்குள்ள தண்ணி தேங்கும், கதவு துருப்பிடிக்கும், கனெக்டரும் கெடும்.

மல்டிமீட்டர் சொல்ற தீர்ப்பு

சென்னைக்காரங்களுக்கு மல்டிமீட்டர்னா ரிச்சி ஸ்ட்ரீட். மீட்டரை 20 வோல்ட் டிசியில வச்சு, மோட்டாருக்குப் போற கனெக்டரைக் கழற்றி, அதோட இரண்டு முனையிலும் வைங்க. ஸ்விட்சை மேலே இழுத்தா 12 வோல்ட் அளவுக்குக் காட்டணும், கீழே அழுத்தினா அதே எண் மைனஸ்ல வரணும்.

இரண்டு பக்கமும் வோல்டேஜ் வருது, கனெக்டரைத் திரும்ப மாட்டினா மோட்டார் அசையலன்னா மோட்டார் அல்லது மெஷின் கோளாறு. வோல்டேஜே வரலன்னா ஸ்விட்ச், வயர் பக்கம் போங்க. ஒரு திசையில மட்டும் வந்தா பெரும்பாலும் ஸ்விட்ச். ரப்பர் குழாய்க்குள்ள அறுந்த வயரை, அதே தடிமன் வயர் சேர்த்து, சால்டரிங் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்க. முறுக்கி டேப் ஒட்டினா சீக்கிரமே திரும்ப அறுந்துடும்.

புது மாடல் கார்கள்ல மோட்டாரோடயே ஒரு கன்ட்ரோல் யூனிட் இருக்கும். அதுக்கு ஸ்விட்ச்ல இருந்து வர்றது சிக்னல் மட்டும்தான். அந்த வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது, ஸ்கேனர் வச்சிருக்கிறவங்ககிட்ட போறதுதான் சரி.

மெஷினை மாத்தும்போது

கண்ணாடியை மேலே ஏத்தி, வலுவான டேப்பைக் கதவுச் சட்டத்துக்கு மேலே மடிச்சு இரண்டு பக்கமும் ஒட்டி நிறுத்துங்க. அதுக்கப்புறம்தான் கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற போல்ட்டைத் தொடணும். இல்லன்னா கண்ணாடி கதவுக்குள்ள விழும், இல்லன்னா உங்க கை மேல.

கத்தரிக்கோல் வகை மெஷின்ல கண்ணாடியோட எடையைத் தாங்க ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். மோட்டாரைக் கழற்றின நொடியில அந்தக் கை விசையோட வீசும். விரல் முறியுற அளவுக்கு. அதை கிளாம்ப் போட்டு அசையாம பிடிக்கத் தெரியலன்னா, மோட்டாரை மட்டும் தனியா பிரிக்காதீங்க. முழு செட்டா மாத்துங்க, அல்லது மெக்கானிக்கிடம் விடுங்க. இந்த வேலையில உண்மையான ஆபத்து இதுதான்.

பார்ட்ஸ் புதுசு வேணும்னா ஜி.பி. ரோடு, பழசு பரவாயில்லன்னா புதுப்பேட்டை. கழற்றின பழைய பார்ட்டையும் மாடல், வருஷ விவரத்தையும் கையில வச்சுக்கிட்டுப் போங்க. முன், பின், இடது, வலது எல்லாமே தனித்தனி. புதுசை மாட்டினதும், பேடை மூடுறதுக்கு முன்னாடியே கண்ணாடியை நாலஞ்சு தடவை ஏத்தி இறக்கிப் பாருங்க. போல்ட்டை அளவாத்தான் இறுக்கணும், ரொம்ப இறுக்கினா கண்ணாடி விரிசல் விடும்.

முடிச்சாச்சா? விரலை மறக்காதீங்க

ஒரே தட்டுல முழுசா மூடுற 'ஆட்டோ அப்' வசதி உள்ள ஜன்னல்கள்ல, நடுவுல கை சிக்கினா திரும்ப இறங்குற பாதுகாப்பும் சேர்ந்தே இருக்கும். பேட்டரியைக் கழற்றினாலோ மோட்டாரை மாத்தினாலோ அந்த அமைப்பு தன் எல்லைகளை மறந்துடும். முழுசா இறக்கி, அப்புறம் முழுசா ஏத்தி, ஸ்விட்சைச் சில நொடி பிடிச்சிருக்கிறது வழக்கமான முறை. உங்க மாடலுக்கு சரியான முறை கையேட்டுல இருக்கும். அதைச் செய்யாத வரைக்கும் அந்தப் பாதுகாப்பை நம்பாதீங்க. செஞ்ச பிறகும் சோதிச்சுப் பார்க்கக் கையை வைக்காதீங்க, சுருட்டின துண்டை வைங்க.

பழைய ஸ்விட்ச் சிலது தள்ளினாலே மூடும். குழந்தை ஜன்னல்ல தலையை நீட்டி, முழங்காலை அது மேல ஊன்றினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அமெரிக்காவில் 2005-இல் வந்த சட்டம், மேலே அல்லது வெளியே இழுத்தால்தான் ஜன்னல் மூடணும்னு சொன்னது இதனாலதான். வீட்டுல குழந்தை இருந்தா அந்த விண்டோ லாக் பட்டனைப் பழக்கமாக்கிக்கோங்க.

நேயர்கள் கேட்டது

*நடுவழியில மழை, கண்ணாடி கீழேயே நின்னுடுச்சு. என்ன பண்றது?*

ஒருத்தர் ஸ்விட்சை மேலே இழுத்துப் பிடிக்கட்டும். இன்னொருத்தர் கண்ணாடியை இரண்டு பக்கமும் உள்ளங்கையால அழுத்தி மேலே தள்ளணும். மோட்டார் பலவீனமா இருந்தாலோ கேபிள் அறுந்திருந்தாலோ ஏறிடும். ஏறினதும் டேப் போட்டு நிறுத்துங்க, ஸ்விட்சைத் தொடாதீங்க. அசையவே இல்லன்னா தடிமனான பாலிதீன் தாளைக் கதவு மேலே போர்த்தி, கதவைச் சாத்துங்க. பீடிங் அதைக் கவ்விப் பிடிச்சுக்கும், பெயின்ட் மேல டேப் ஒட்ட வேண்டியதில்ல.

*ஒரு பின் ஜன்னல்தான், மூடியே இருக்கு. அப்படியே விட்டுடலாமா?*

விடாதீங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. ஒரு நல்ல மழைக்கு நம்ம சுரங்கப்பாதைகள் எப்படி நிரம்பும்னு உங்களுக்கே தெரியும். கார் தண்ணியில மாட்டினா, வெளியே இருக்கிற தண்ணியோட அழுத்தத்துல கதவைத் திறக்க முடியாம போகும். அப்போ வழி ஜன்னல்தான். தண்ணி ஏற ஆரம்பிச்ச உடனேயே, சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி வெளியே வரணும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்னு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஈரம் போன பிறகு அந்த ஸ்விட்ச் எவ்வளவு நேரம் வேலை செய்யும்னு யாராலும் சொல்ல முடியாது.

ஜன்னல் இறங்கலன்னா உடைக்கணும். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்ச லாமினேட்டட் கண்ணாடி, அதை உடைச்சு வெளியே வர்றது நடக்காத காரியம். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு, கூர்மையான முனையால ஓரத்துல அடிச்சா பொடிப்பொடியா உதிரும். சில கார்கள்ல பக்கத்துலயும் லாமினேட்டட் வருது, கண்ணாடி மூலையில அச்சிட்டிருக்கிற குறியைப் பார்த்து இன்னைக்கே தெரிஞ்சு வச்சுக்கோங்க. கண்ணாடி உடைக்கிற சின்ன சுத்தியல் ஒண்ணு வாங்கி, டிக்கியில இல்ல, டிரைவர் கை எட்டுற இடத்துல வைங்க.

மழைக்காலம் தொடங்கும் முன்னாடி ஒரு வேலை. நாலு ஜன்னலையும் முழுசா இறக்கி, முழுசா ஏத்துங்க. எது தயங்குது, எது முனகுதுன்னு கேளுங்க. அதுல இருந்து தொடங்குங்க. கேள்வி இருந்தா கார் மாடல், எந்தக் கதவு, என்ன சத்தம் வருதுங்கிற மூணையும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.